‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ படத்தொகுப்பில் ஆன் கோட்ஸின் பங்கு எது?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு ஸ்டுடியோவில் திருமண வீடியோக்களுக்கு எடிட்டிங் செய்து வருகிறேன். திரைப்படத் தொகுப்பையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறேன். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ படத்துக்காக ஆஸ்கர் விருது பெற்ற பிரிட்டிஷ் தொகுப்பாளர் ஆன் வி. கோட்ஸைப் பற்றித் தேடிப் படிக்கிறேன். இயக்குநர் டேவிட் லீன் தாமே தொகுப்பாளராக இருந்து உயர்ந்தவர் என்பதால், அந்தப் படத்தின் ஒவ்வொரு வெட்டும் அவருடைய முடிவுதான் என்று எங்கள் ஸ்டுடியோவில் மூத்தவர் ஒருவர் சொல்கிறார். அப்படியானால் கோட்ஸின் பங்கு எது? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

லீன் தேர்ந்த தொகுப்பாளர் என்பது உண்மை. 1938இல் வெளியான ‘பிக்மேலியன்’ அவர் தொகுத்ததுதான். ஆனால் உங்கள் மூத்தவர் சொல்வது பாதிதான் சரி. லாரன்ஸ் தீக்குச்சியை ஊதி அணைத்ததும் பாலைவனத்தில் சூரியன் எழும் அந்த இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு காட்சி மெல்லக் கரைந்து அடுத்ததாக மாறும் டிசால்வ் வரவேண்டும் என்றுதான் முதலில் திட்டமிட்டிருந்தார்கள். அந்த டிசால்வ் இன்னும் செய்யப்படாமல், இரண்டு ஷாட்களும் நேராக ஒட்டப்பட்டிருந்த நிலையில் திரையிட்டுப் பார்த்தபோது, நேர்வெட்டே போதும் என்று இருவருக்கும் தோன்றியது. ஏறக்குறைய சரியாக இருக்கிறது, இன்னும் செம்மையாக்குங்கள் என்று லீன் சொல்ல, தாம் இரண்டு ஃபிரேம்களை மட்டும் எடுத்ததாகக் கோட்ஸ் பேட்டிகளில் கூறியிருக்கிறார். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் இது நொடியின் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதைக் கண்டு வெட்டிய கை கோட்ஸுடையது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரான்சில் இளம் இயக்குநர்கள் மரபை மீறிய வெட்டுகளோடு எடுத்த ‘புதிய அலை’ப் படங்களைப் பார்க்கும்படி லீனிடம் எடுத்துச் சொன்னவரும் கோட்ஸ்தான். இங்கே பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸில் அந்த அலையைச் சேர்ந்த சப்ரோல் போன்றவர்களின் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அந்தத் துணிவான நேர்வெட்டு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பதில் 2 (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். எனினும் ஒரே வெட்டை வைத்து அவரை அளப்பது அநியாயம் என்பது என் கருத்து. 1925இல் பிறந்த அவர் முதலில் செவிலியராகப் பணியாற்றினார். பிறகு மதப் படங்கள் தயாரிக்கும் நிறுவனமொன்றில் பிரதிகளைப் பழுதுபார்த்தபடி தொழில் கற்று, 1952இல் ‘த பிக்விக் பேப்பர்ஸ்’ படத்தில் தொகுப்பாளரானார். ‘பெக்கெட்’, ‘தி எலிஃபன்ட் மேன்’, ‘இன் தி லைன் ஆஃப் ஃபயர்’ ஆகியவற்றுக்கும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். எழுபது வயதைக் கடந்த பின், 1998இல் இயக்குநர் சோடர்பெர்கின் ‘அவுட் ஆஃப் சைட்’ படத்தைத் தொகுத்து ஐந்தாம் முறையாகப் பரிந்துரைக்கப்பட்டார். 2016இல் கௌரவ ஆஸ்கரும் கிடைத்தது. இத்தனை வேறுபட்ட இயக்குநர்களின் படங்களில் இவ்வளவு காலம் நிலைத்தவரை, யாரோ ஒருவர் சொன்னபடி வெட்டியவர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கேள்வி கேட்டவருக்கு ஒரு வேண்டுகோள். ‘அவுட் ஆஃப் சைட்’ படத்தில், நாயகனும் நாயகியும் மதுக்கூடத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே பிறகு அறையில் நடப்பவை இடையிடையே வரும் காட்சியை எடுத்து, உங்கள் டைம்லைனில் வைத்து ஒவ்வொரு வெட்டிலும் நிறுத்திப் பாருங்கள். பேச்சு அறுபடாமல் தொடரும். காலம் மட்டும் முன்னும் பின்னும் நகரும். முகூர்த்தக் காட்சிக்கு நடுவே முந்தைய நாள் பெண்ணழைப்பின் ஷாட்களை எங்கே சேர்ப்பது என்று நீங்கள் தேடுவதும் இதே வகையான வேலைதான்.

மீண்டும் கேள்வியாளர்

இருவருக்கும் நன்றி. அந்தக் காட்சியை இன்றே பார்க்கிறேன். வெட்டுகளைக் குறித்து வைத்து, ஐயம் எழுந்தால் இங்கேயே கேட்கிறேன்.