தெருவுக்குத் தெரு அங்கன்வாடி, அப்புறம் காப்பகம் எதற்கு?

வரிகட்டுபவன்: திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும் தாய்மாருக்கு அரசே குழந்தைக் காப்பகம் நடத்த வேண்டும் என்று நேற்று ஒருவர் இந்தத் தளத்தில் அழுது வைத்திருந்தார். அங்கன்வாடியில் முட்டை, சத்துமாவு எல்லாம் இலவசம். நாலு மணி வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்கள். இன்னும் என்ன, தாலாட்டா?

செக்கிங்அக்கா: அழுது வைத்தது நான்தான். ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை ஆகும். நாலு மணிக்கு மேல் பிள்ளை எங்கே நிற்கும்? இரண்டு வயது ஆகாததை அங்கே விடவும் முடியாது.

கொங்குத்தம்பி: நாலா? எங்கள் பக்கம் மூன்றரைக்கே பூட்டு.

வரிகட்டுபவன்: எங்கள் தெருவில் நாலு. கண்ணால் பார்த்தேன்.

சட்டப்புள்ளி: 50 பேர் வேலை செய்தாலே கம்பெனி காப்பகம் வைக்க வேண்டும். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இலேயே சேர்த்தாயிற்று. தாய் ஒரு நாளில் 4 முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். முதலாளியைக் கேளுங்கம்மா.

செக்கிங்அக்கா: எங்கள் கம்பெனியிலும் ஒரு அறை இருக்கிறது சார். சுவரில் மிக்கி மவுஸ், தரையெல்லாம் நூல் கோன் பெட்டி. சரக்கு வாங்கும் பையர் தரப்பு ஆடிட்டுக்கு, அதாவது சோதனைக்கு, வரும் அன்றைக்கு மட்டும் தொட்டில் வரும். பீஸ்ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று, தைப்பவள் 4 முறை எழுந்து போனால் சனிக்கிழமை கையில் என்ன மிஞ்சும்?

வரிகட்டுபவன்: பேச்சை மாற்றாதீர்கள். நாலு மணியா, மூன்றரையா?

டீச்சரம்மா: நேரத்தை இழுக்கச் சொல்கிறவர்களுக்கு ஒன்று. அங்கன்வாடிக்காரர்கள் நாங்கள் வாங்குவது சம்பளமே இல்லை, மதிப்பூதியம். மத்திய அரசு அதை மாதம் 4,500 ரூபாய் ஆக்கியதே 2018இல். கணக்கெடுப்பு, தேர்தல் வேலை எல்லாம் எங்கள் தலையில். எட்டரை வரை நீங்கள் வந்து உட்காருங்கள்.

செக்கிங்அக்கா: உங்களை யார் இழுத்தது டீச்சர்? கூட ஆள் போடச் சொல்கிறேன். நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே, வேலையிடத்துக்குத் தாய்மாரோடு 5 பிள்ளைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து உட்கார வைக்கச் சொல்லியிருந்தது.

வரிகட்டுபவன்: ஆக, என் வரிப்பணத்தில் இன்னொரு ஆள். அங்கன்வாடி நாலு மணி வரை. நாலு.

கொங்குத்தம்பி: எந்தத் தெரு என்று சொல்லுங்கள், நாளைக்கே வருகிறேன்.

வரிகட்டுபவன்: முகவரியெல்லாம் பொதுவில் போட முடியாது.

கொங்குத்தம்பி: மகளிர் இலவசப் பஸ் பற்றிய விவாதத் திரியிலும் உங்கள் கதை இதேதான். ஆதாரம் கேட்டால் ஆளைக் காணோம்.

வரிகட்டுபவன்: அங்கே பதிவை அழித்துவிட்டு ஓடியது யார்?

கொங்குத்தம்பி: அழித்தது தளத்தைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர்.

வரிகட்டுபவன்: ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிறேன் தம்பி. போடவா?