லாக்புக்கில் மாணவர்களை மனம்திறந்து எழுத வைப்பது எப்படி?
வணக்கம். மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் கற்பிக்கிறேன். 2019 பாடத்திட்டம் வந்தது முதல் ஏட்காம் (AETCOM: மனப்பான்மை, அறநெறி, நோயாளியிடம் பேசும் திறன்) வகுப்புகளுக்குப் பின் மாணவர்கள் தங்கள் அனுபவத்தைச் சிந்தித்து லாக்புக்கில், அதாவது பயிற்சிப் பதிவேட்டில், எழுத வேண்டும். எழுதுகிறார்கள், எல்லோரும் 'பரிவின் அவசியத்தை உணர்ந்தேன்' என்றே எழுதுகிறார்கள்! ஓர் அனுபவத்தைப் படிப்படியாகச் சிந்தித்துப் பார்க்க கிப்ஸ் என்ற கல்வியாளர் வகுத்த ஆறு படிகளைக் கொடுத்துப் பார்த்தேன். படிவம் நிரப்பும் வேலையாகிவிட்டது.

சென்ற வாரம் ஒரு மாணவி வராந்தாவில் என்னிடம் பேசினாள். தந்தை இறந்த செய்தி கேட்டு ஒரு மகன் சிரித்துவிட்டானாம்; இவள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருக்கிறாள். ஏட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்டால், "நீங்கள் மதிப்பெண் போடுவீர்களே, சார்" என்கிறாள்.

மதிப்பெண் இல்லாமல் எழுதவைத்தவர்கள் இருக்கிறீர்களா? முதல் கேள்வியாக என்ன கேட்டீர்கள்? நூற்றைம்பது பேருக்கும் பதில் எழுத எப்படி நேரம் கிடைத்தது?