பார்வோவில் குட்டி போன வீட்டில் அடுத்த குட்டி எப்போது?

மொட்டைமாடி:
எங்கள் ராஜபாளையம் நாய்க்குட்டி போன மாதம் பார்வோ என்ற வைரஸ் நோயில் போய்விட்டது. இரண்டரை மாதம்தான். முதல் நாள் சோற்றைத் தொடவில்லை, மறுநாள் வாந்தி, அப்புறம் நாற்றத்தோடு ரத்தப்பேதி. மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றியும் பிழைக்கவில்லை. விற்றவர் "ஊசியெல்லாம் போட்டாச்சு" என்று சொல்லித்தான் கொடுத்தார். வீடு முழுக்கப் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டேன். பிள்ளைகள் இன்னொரு குட்டி கேட்கிறார்கள். இப்போது வாங்கலாமா?

கரிசல்காரன்:
வாங்காதீர்கள். பினாயிலுக்கு இந்த வைரஸ் சாகாது, சானிடைசருக்கும் சாகாது. முதலில் சோப்புத் தண்ணீரில் அழுக்குப் போகக் கழுவுங்கள், அழுக்கு இருந்தால் பிளீச் வேலை செய்யாது. பிறகு கடையில் விற்கும் 5% பிளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் 30 பங்கு கலந்து ஊற்றி, பத்து நிமிடமாவது தரை ஈரமாகவே இருக்க வேண்டும். அதோடு ஆசிட் எதையும் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும். குட்டி படுத்த சாக்கை எரித்துவிடுங்கள். மண் தரையும் தோட்டமும் இருந்தால் அதுதான் தலைவலி, நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் ஒரு வருடம்கூடத் தங்கும்.

மொட்டைமாடி:
பின்பக்கம் மண் தரைதான், மாமரம் வேறு. ஊசி போட்டும் ஏன் வந்தது? பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

வெள்ளைவால்:
மனிதருக்கு வராது. ஆனால் நம் செருப்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டு நாய்க்குப் போகும்.
ஊசி விஷயம் இதுதான். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையும் முடக்கிவிடும். அது எந்த வாரம் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6-8 வாரத்தில் தொடங்கி, 3-4 வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் தாண்டும்வரை போடச் சொல்கிறார்கள். ஒரே ஊசியைப் போட்டுவிட்டு "போட்டாச்சு" என்பது வியாபாரப் பேச்சு. உங்கள் மேல் தப்பில்லை, தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.
என் யோசனை, குட்டியே வேண்டாம். எல்லா ஊசியும் முடிந்த, ஆறு மாதம் தாண்டிய நாயாகப் பாருங்கள்.

கரிசல்காரன்:
அதுவும் கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்துக் கூட்டிவாருங்கள்.

மொட்டைமாடி:
இப்போதுதான் அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு தேதி, அதுவும் பேனாவில் எழுதியது. ஸ்டிக்கர் இல்லை. பிள்ளைகளிடம் பொங்கல் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன், சின்னவள் பேச மாட்டேன் என்கிறாள்.