அசனப் பண்டிகையில் மீந்த பணத்தை எதற்குச் செலவிடலாம்?

கேள்வி (சபைக் கமிட்டி உறுப்பினர், தூத்துக்குடி மாவட்டம்)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்தில், சபையார் கூடி உண்ணும் அசன விருந்தின் செலவு போக இவ்வாண்டு கணிசமான தொகை மீந்திருக்கிறது. வழக்கம்போல் கிறிஸ்துமஸுக்கு முன் மேடை போட்டு, ஏழைகளுக்குச் சேலையும் வேட்டியும் வழங்கலாம் என்று மூத்தவர்கள் கூறுகிறார்கள். ஒரே நாளில் முடிந்துவிடாமல், ஊரிலுள்ள எல்லா மதத்தாருக்கும் ஆண்டு முழுவதும் பயன்படும் பணியொன்றைத் தொடங்க வேண்டும் என்பது வாலிபர் சங்கத்தாரின் விருப்பம். உங்கள் சபைகளில் இத்தகைய பணி எவ்வாறு நடக்கிறது, அதற்குப் பணம் தொடர்ந்து எப்படிச் சேர்கிறது என்று தெரிவித்தால், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எடுத்துரைப்பேன்.

மறுமொழி 1 (பாளையங்கோட்டை)

ஐயா, அரசு மருத்துவமனையில் உள்நோயாளிகளுக்குச் சாப்பாடு கிடைத்துவிடுகிறது. கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களின் பாடுதான் பெரும்பாடு. எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தார், மருத்துவமனைப் பொறுப்பாளரிடம் முறையாக அனுமதி பெற்று, வாரம் ஒரு நாள் காலையில் கஞ்சியும் துவையலும் கொண்டு செல்கிறார்கள். அங்கே உட்கார்ந்து பேசியபோது, பலரும் முதலில் கேட்டது வெந்நீர்தான். பிள்ளை பெற்றவளுக்கும் அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்கும் நள்ளிரவில் வெந்நீர் வேண்டுமென்றால், பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு டீக்கடை தேடி அலைய வேண்டியிருந்தது. இப்போது மாலைதோறும் இரண்டு பெரிய கேன்களில் வெந்நீர் வைக்கிறோம். ஆகையால், எதைக் கொடுப்பது என்று கமிட்டி அறைக்குள்ளேயே தீர்மானித்துவிடாதீர்கள். பெற்றுக்கொள்பவர்களிடம் முதலில் கேளுங்கள்.

மறுமொழி 2 (நாகர்கோவில்)

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மிசோரம் பிரஸ்பிட்டீரியன் சபையாரிடையே 'புஹ்ஃபாய் தாம்' என்றொரு வழக்கம் தலைமுறைகளாக நிலைத்திருக்கிறது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்க, சபையார் அதைத் திரட்டி விற்று ஊழியங்களுக்குச் செலவிடுகிறார்கள். கைப்பிடி அரிசிக் காணிக்கை நம் பக்கத்துச் சபைகளுக்கும் புதிதன்று. இதில் நான் பெரிதாக மதிப்பது, கூலி வேலைக்குப் போகும் குடும்பமும் கொடுக்கும் இடத்தில் நிற்கிறது என்பதையே. மீந்த பணத்தைப் பாத்திரம், அடுப்பு போன்ற முதற்செலவுக்கு வைத்துக்கொண்டு, அன்றாடச் செலவை இப்படிச் சிறுகச் சிறுகச் சேருவதிலிருந்து நடத்தினால் பணி நிற்காது.

மறுமொழி 3 (ஏரல் பகுதி)

நான் கிறிஸ்தவன் அல்லன். ஆயினும் இதை எழுதியே ஆக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டபோது, என் குடும்பம் பக்கத்து ஊர்த் தேவாலயத்தில்தான் தங்கியது. ஆராதனைக்கு விரிக்கும் பாய்களையே எங்களுக்குப் படுக்கக் கொடுத்தார்கள். யார், எந்தச் சாதி, எந்தச் சாமி என்று ஒருவரும் கேட்கவில்லை; எங்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கவும் இல்லை. என் தாயார் இன்றளவும் அவர்களை நன்றியோடு பேசுவதற்கு அதுவே காரணம். மேடை போட்டுச் சேலை கொடுத்தால் வாங்குபவருக்குக் கூச்சம்தான் மிஞ்சும். உங்கள் ஊரும் ஆற்றோரம் என்றால், ஐப்பசிக்கு முன்பே பால்பவுடர், குடிநீர், மெழுகுவர்த்தி, போர்வை, சானிட்டரி நாப்கின் ஆகியவற்றைக் தேவாலயத்தின் உயரமான அறையொன்றில் சேர்த்து வையுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பது எல்லாத் தெருக்காரர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.