விளம்பரப் பணமா, விதைப் பொட்டலமா?

மாடித்தோட்டக்காரி:
மாடித்தோட்டம் பற்றி யூடியூபில் மூன்று ஆண்டுகளாகச் சேனல் நடத்துகிறேன். விளம்பர வருவாய்க்கு வேண்டிய 1,000 சந்தாதாரர்கள், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வை என்ற வரம்பைத் தாண்டி, அந்த வருவாய் சேரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில் 10 டாலர் சேர்ந்து, முகவரியைச் சரிபார்க்கும் பின் (PIN) எண் அச்சிட்ட கடிதத்தைத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். ஆனால் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும் என்பதால் மேலும் ஏழு மாதங்கள் காத்திருந்தேன். அதே ஏழு மாதங்களில் வெண்டை, அவரை, கொத்தவரை விதைகளைப் பொட்டலம் 30 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் விற்றதில் அதைப்போல் மூன்று மடங்கு கிடைத்தது. எனவே சிறு சேனல் நடத்துவோர் விளம்பர வருவாயைக் கணக்கிலேயே கொள்ளக் கூடாது, தாம் காட்டும் பொருளைத்தான் விற்க வேண்டும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் கணக்கோடு மறுக்கலாம்.

பழைய கணக்கர்:
கணக்கோடே மறுக்கிறேன், அம்மா. வரவை எழுதிய நீங்கள் செலவை எழுதவில்லை. பொட்டலம் மடித்த நேரம், கூரியர் கட்டணம், முளைக்கவில்லை என்றவர்களுக்கு மறுபடி அனுப்பிய விதை ஆகியவற்றைக் கழித்தீர்களா? வழக்கமான வீடியோவில் வரும் விளம்பர வருவாயில் 55 சதவீதம் நமக்குச் சேர்கிறது. ஷார்ட்ஸ் எனும் குறு வீடியோக்களில் 45 சதவீதம்தான், அதுவும் 2023 பிப்ரவரிக்குப் பிறகு வந்தது. ஏற்றி முடித்த வீடியோவுக்கு நாம் அதன்பின் உழைக்க வேண்டியதில்லை. நான் வருமான வரிப் படிவங்களை விளக்கும் சேனல் நடத்துகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் போட்ட ஒரு வீடியோ, கணக்குத் தாக்கல் செய்யும் ஜூலை மாதம் வந்தால் தானே எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. விதைப் பொட்டலம் அப்படி எழுந்து உட்காருமா?

மாடித்தோட்டக்காரி:
பொட்டலம் மடிப்பது என் மாமியார். அவருக்குக் கூலி போட்டால் மூன்று மடங்கு இரண்டாகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிப் படிவம் பற்றிய வீடியோவில் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் போட்டி போட்டுக்கொண்டு விளம்பரம் கொடுக்கும். செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலப்பதைக் காட்டினால் யார் கொடுப்பார்கள், ஐயா? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீடியோ 8 நிமிடமாவது இருந்தால்தான் நடுவில் விளம்பரம் வைக்க முடியும் என்பதால், மூன்று நிமிடத்தில் முடிய வேண்டிய மாவுப்பூச்சி மருந்தை எட்டு நிமிடத்துக்கு இழுத்தேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி வேப்ப எண்ணெய் என்று சொல்ல வாயைத் திறக்கும் இடத்தில் விளம்பரம் வந்து விழுந்தது. "அளவைக் கேட்பதற்குள் பூச்சி செடியைத் தின்றுவிட்டது" என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார். அவர் எழுதியதில் தவறில்லை.

கம்மாய்க்கரை:
இருவரும் சில்லறையை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளூர்ப் பார்வைக்குக் கிடைக்கும் விளம்பரத் தொகை குறைவு. அமெரிக்காவிலிருந்து பார்க்கும் தமிழர்களால் கொஞ்சம் கூடுதலாக வந்தால், அதில் அமெரிக்க வரிக்கான படிவத்தைக் கூகுளுக்குக் கொடுத்திருந்தாலும் 15 சதவீதம் பிடித்தம், கொடுக்காவிட்டால் மொத்த வருவாயிலும் 24 சதவீதம் வரை பிடித்தம். ஸ்பான்சர் ஒருவர் வந்தால் ஒரே வீடியோவில் ஓராண்டு ஆட்சென்ஸ் பணத்தை எடுத்துவிடலாம். மண்தொட்டி, தென்னைநார்க் கழிவு, சொட்டுநீர்க் குழாய் என்று தோட்டச் சேனலைத் தேடிவரக்கூடிய உற்பத்தியாளர்கள் எத்தனை பேர்! சந்தாதாரர் எண்ணிக்கை சிறிதாக இருந்தாலும், பார்ப்பவர் அனைவரும் வாங்கக்கூடியவர் என்பதே அவர்களுக்குப் போதும்.

அடுப்பங்கரை:
ஸ்பான்சர் ஒருவரிடம் பட்டவள் என்ற முறையில் சொல்கிறேன், தம்பி. ஒரு நிறுவனம் எனக்கு மிக்சி ஒன்றை அனுப்பி, பேச வேண்டிய வரிகளையும் சேர்த்து அனுப்பியது. பெட்டியை அன்றைக்குத்தான் பிரித்தேன். அவர்களுடைய வரியோ "ஆறு மாதமாக இதில்தான் அரைக்கிறேன்" என்று தொடங்கியது. மாற்றச் சொன்னேன், அடுத்த நாள் மிக்சியைத் திரும்பக் கேட்டார்கள். அந்த வரியைப் படித்திருந்தால் சிக்கல் எனக்குத்தான். பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு செய்யும் பரிந்துரையைப் பார்வையாளருக்கு வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021-இல் விதி வகுத்தது. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். இலவசமாக வந்த பொருளும் இலவசமன்று. ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை நாமே வைத்துக்கொண்டால் 10 சதவீதம் வரிப் பிடித்தம் உண்டு என்பது 2022 ஜூலையிலிருந்து நடைமுறை.

கம்மாய்க்கரை:
அது அந்த நிறுவனத்தின் குற்றம், ஸ்பான்சர் என்ற முறையின் குற்றமன்று. "கட்டண விளம்பரம்" என்று திரையில் போட்டுவிட்டு உண்மையைப் பேசுவதை யார் தடுத்தார்கள்?

அடுப்பங்கரை:
யாரும் தடுக்கவில்லை. உண்மையைப் பேசினால் இரண்டாவது மிக்சி வருவதில்லை, அவ்வளவுதான்.

பழைய கணக்கர்:
இவர்கள் வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். பார்வையாளரிடமே நேரடியாகப் பெறும் வழியை ஒருவரும் சொல்லவில்லையே! மாதாமாதம் வரும் உறுப்பினர் கட்டணம், நேரலையில் பணம் கொடுத்து எழுதும் சூப்பர் சாட், வீடியோவுக்கு நன்றியாகப் பணம் கொடுக்கும் சூப்பர் தேங்க்ஸ் ஆகியவற்றில் 70 சதவீதம் நமக்கு வருகிறது; 2023-இல் யூடியூப் அறிவித்த குறைந்த வரம்புப்படி 500 சந்தாதாரர்களும், 90 நாள்களில் மூன்று வீடியோக்களும், ஓராண்டில் 3,000 மணி நேரப் பார்வையும் இருந்தாலே இதற்கு விண்ணப்பிக்கலாம். விதை விற்கும் அம்மாவுக்கு ஒரு கேள்வியும் உண்டு. 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி விதை வணிகத்துக்கு உரிமம் வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததைச் சிறு அளவில் கொடுப்பதற்கும் அது பொருந்துமா என்று வேளாண் அலுவலகத்தில் விசாரித்தீர்களா?

மாடித்தோட்டக்காரி:
விசாரிக்கவில்லை. அப்படி ஓர் ஆணை இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. திங்கட்கிழமை வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போய்க் கேட்கும்வரை வாட்ஸ்அப் விற்பனையை நிறுத்திவைக்கிறேன். உறுப்பினர் கட்டணத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. மாதம் 59 ரூபாய் கொடுப்பவர் தனக்கென்று தனி வீடியோ கேட்பார். அது மாமியாரின் பொட்டலத்தைவிடப் பெரிய வேலை. இருந்தாலும் என் கருத்தை விட்டுவிடவில்லை, கணக்கரே. விதைக்கு உரிமம் வேண்டுமென்றால் மண்கலவையை மூட்டை கட்டி விற்பேன். அந்த மாவுப்பூச்சி வீடியோவை மட்டும் மூன்று நிமிடமாக வெட்டி, முதல் வரியிலேயே அளவைச் சொல்லி மறுபடி ஏற்றப்போகிறேன்.

பழைய கணக்கர்:
பழையதை அழித்துவிடாதீர்கள். அழித்தால் அதற்குச் சேர்ந்த பார்வையும் போய்விடும்.