கணினிக்குக் கஸ்டம் லூப் (பாகங்களைத் தண்ணீரால் குளிர்விக்க நாமே பூட்டும் குழாய்ச் சுற்று) போட்டவர்களும் போட்டுக் கழற்றியவர்களும் சொல்லுங்கள்: சென்னைக்கு இது சரிவருமா?

பெரம்பூர், கல்யாண வீடியோ எடிட்டர்:

கேட்பவன் நான் என்பதால் என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு இரண்டாவது மாடி, தலைக்கு மேலே மொட்டை மாடி. பகல் முழுக்க வெயிலைக் குடித்த தளம் ராத்திரியில் அதைக் கக்கும். கத்திரி நாட்களில் இரவு 11 மணிக்கும் அறைக்குள் 34 டிகிரி. அந்த அறையில்தான் என் கணினியின் ரைசன் 9 5900எக்ஸ் சிபியுவும் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டும் விடிய விடிய ஓடுகின்றன. முகூர்த்த சீசனில் ஒரு நாள் நிறுத்தினாலும் ஆல்பம் தள்ளிப்போகும், பெண் வீட்டார் போன் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

சூட்டைவிடச் சத்தம்தான் உயிரை வாங்குகிறது. கார்டு 82 டிகிரியைத் தொட்டதும் அதன் விசிறிகள் ஹேர் டிரையர் மாதிரி கத்துகின்றன. நாதஸ்வர ஆடியோவைச் சரிபார்க்க முடியவில்லை. சிபியுவுக்கு ஏற்கெனவே ஏஐஓ (மூடி முத்திரையிட்டே வரும் தண்ணீர்க் குளிரூட்டி) இருக்கிறது. நான்காவது வருடம் அதன் பம்ப் கரகரக்கிறது. திறந்து தண்ணீர் ஊற்ற வழியில்லை, தூக்கிப் போடத்தான் வேண்டும். அப்படியானால் கார்டையும் சிபியுவையும் சேர்த்து ஒரே லூப்பாகப் போட்டுவிடலாமே என்று ஆசை.

ஒரு சனிக்கிழமை முழுக்க ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்தேன். கேபினெட், விசிறி, ஏஐஓ எல்லாம் அடுக்கடுக்காக இருக்கின்றன. குழாயை இணைக்கும் ஃபிட்டிங் என்று கேட்டால் "ஆன்லைன்ல பாருங்க சார்" என்கிறார்கள். ஒரு கடைக்காரர் மட்டும் நின்று யோசித்துவிட்டு, "லீக் ஆனா யார்கிட்ட வருவீங்க?" என்றார். பதில் வரவில்லை எனக்கு.

அப்பாவுக்கு வேறு கவலை. ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பைக் காட்டி, "இந்த மாதிரி உன் குழாயும் வேர்த்துக் கொட்டினா?" என்கிறார். யாராவது சொல்லுங்கள்.

திருவான்மியூர், ஆறு வருடமாக லூப்:

அப்பா கேட்டது நல்ல கேள்வி. சொம்பு வியர்ப்பது அது அறைக் காற்றைவிட ரொம்பக் குளிர்ந்திருப்பதால். லூப்பில் ஓடும் தண்ணீர் அறையைவிட எப்போதும் சூடாகத்தான் இருக்கும். தண்ணீரின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரில் ஊதுவது அறைக் காற்று, அதைவிடக் கீழே எப்படிப் போகும்? அதனால் வியர்க்காது. ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். ராத்திரி முழுக்க ஏசி ஓடி, மெஷின் அணைந்து கிடந்தது. காலையில் ஜன்னலைத் திறந்ததும் கேபினெட் கண்ணாடியில் ஆவி படிந்தது. ஏசி காரிலிருந்து இறங்கினால் மூக்குக் கண்ணாடி மங்குமே, அதே கதை. லூப் இல்லாத கணினிக்கும் அது நடக்கும். பத்து நிமிடம் பொறுத்து ஆன் செய்தால் போதும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தண்ணீர் சூட்டை விழுங்குவதில்லை, சுமந்துகொண்டு போகிறது, அவ்வளவுதான். உங்கள் இரண்டு பாகங்களும் முழு வேகத்தில் சுமார் 460 வாட் (கார்டு 320, சிபியு 142). ஒரு லிட்டர் தண்ணீரில் அந்தச் சூட்டை விட்டு ரேடியேட்டரே இல்லாமல் வைத்தால் பத்து டிகிரி ஏற ஒன்றரை நிமிடம் போதும். ஆகவே பெரிய ரிசர்வாயர் (தண்ணீர்த் தொட்டி) வாங்கினால் குளிரும் என்பது அழகுக்காகச் சொல்கிற கதை. வேலை செய்வது ரேடியேட்டர்தான். 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றின் பரப்புக்கு 100 வாட் என்று கணக்கு வையுங்கள். விசிறி மெதுவாகச் சுற்ற வேண்டும் என்றால் இன்னும் தாராளமாக. உங்களுக்கு 360 (மூன்று விசிறி நீளம்) இரண்டு வேண்டும். நம் ஊரில் அறையே 34இல் தொடங்குவதால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

தடிமன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 60 மில்லி தடிமனில் நெருக்கமான தகடுகள் உள்ளதை வாங்காதீர்கள். வேகமாக ஊதினால்தான் அது பலன் தரும், நீங்கள் ஓடி ஒளிவதோ அந்தச் சத்தத்திலிருந்து. 30 மில்லி போதும், தூசியைத் தட்டுவதும் சுலபம். கடல் காற்று எனக்குச் செய்த கெடுதல் ரேடியேட்டரில் இல்லை, திருகுகளில். மூன்றாவது வருடம் விசிறியைக் கழற்றப் போனால் நான்கு திருகுகள் துருப்பிடித்து மண்டை வழுக்கிவிட்டன. இப்போது எல்லாம் ஸ்டெயின்லெஸ்.

அம்பத்தூர், டூல் ரூம் வேலை:

நான் செய்த முட்டாள்தனத்தை வேறு யாரும் செய்யக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். சிபியு மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் பிளாக், நிக்கல் முலாம் பூசிய செம்பு, நல்ல சரக்கு. அதில் காசு தீர்ந்துபோனதால் ரேடியேட்டரை ஆன்லைனில் மலிவாகப் பிடித்தேன். விவரத்தில் என்ன உலோகம் என்றே போடவில்லை. கையில் எடுத்தபோது லேசாக இருந்தது. உலோகத்தோடே பிழைப்பு நடத்துகிற எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அது அலுமினியம். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அது குளிரூட்டி இல்லை, பேட்டரி. அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஏழாவது மாதம் சிபியு சூடு மெல்ல ஏறியது. பிளாக்கைத் திறந்தால் உள்ளே தலைமுடி கனத்தில் இருக்கும் வாய்க்கால்களில் வெள்ளைக் கூழ், பழைய சோற்றுத் தண்ணீர் மாதிரி. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் இரண்டு நாள் தேய்த்தேன். முலாம் சில இடங்களில் போயே போய்விட்டது.

எனவே ரேடியேட்டர் செம்பு அல்லது பித்தளை, ஃபிட்டிங் பித்தளை. சந்தேகம் என்றால் கண்ணில் படாத மூலையில் பெயின்ட்டை லேசாகச் சுரண்டிப் பாருங்கள்: மஞ்சளா சிவப்பா வெள்ளையா என்று தெரிந்துவிடும். புது ரேடியேட்டரை அப்படியே மாட்டாதீர்கள். பற்றவைக்கும்போது பூசிய ஃபிளக்ஸ் பசை உள்ளே ஒட்டியிருக்கும். சூடான டிஸ்டில்டு வாட்டரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள், தெளிவாக வரும் வரை.

வேளச்சேரி:

தண்ணீர் விஷயத்தில் மாட்டியவன் நான். 20 லிட்டர் கேன் தண்ணீர் குடிக்கவே சுத்தமாக இருக்கிறதே, கணினிக்கு என்ன கேடு என்று ஊற்றினேன். மூன்றே மாதம், ரிசர்வாயர் கோயில் குளம். பாசி வளர வெளிச்சமும் கதகதப்பும் போதும், இரண்டையும் ஆர்ஜிபி வண்ண விளக்கு போட்டு நானே கொடுத்திருக்கிறேன். போர் தண்ணீர் பற்றிச் சொல்லவே வேண்டாம், வீட்டுக் குழாய் வாயில் படியும் உப்பைப் பார்த்தாலே தெரியும். ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு முழுக்கப் போவதில்லை. இப்போது கடையில் கலந்தே வரும் நிறமில்லாத கூலன்ட் மட்டும்தான். பால் மாதிரி வெள்ளை, பிங்க் என்று வரும் கலங்கல் கூலன்ட் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், பிளாக்கில் வண்டலாக உட்கார்ந்துகொள்ளும்.

பள்ளிக்கரணை, தரைத்தளம்:

எல்லோரும் சூட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் எடையைப் பற்றிச் சொல்கிறேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மதியம் தெருவில் கணுக்கால் அளவு, இருட்டுவதற்குள் வாசற்படி. முதலில் சர்டிபிகேட், அப்புறம் மிக்சி, கிரைண்டர், அப்புறம்தான் என் கணினி. வளைத்து வளைத்து ஆசையாகப் போட்ட கடினக் குழாய், பெட்ஜி பிளாஸ்டிக், 14 மில்லி. கண்ணாடி, இரண்டு ரேடியேட்டர், தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன சிலிண்டர் கனம். மின்சாரம் இல்லை. வடிகால் வால்வு வைக்காமல் விட்டிருந்தேன், ஒரு ஃபிட்டிங் காசை மிச்சம் பிடிக்க. வால்வு இல்லாத லூப்பை அவசரத்தில் காலி செய்ய முடியாது. அப்படியே நானும் மாடி வீட்டு அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஏறினோம். திருப்பத்தில் அவர் ஒரு படி முன்னால் போய்விட்டார், பெட்டி சாய்ந்து கைப்பிடிச் சுவரில் இடித்தது. டக் என்று ஒரு சத்தம். குழாய் ஃபிட்டிங்கிலிருந்து நழுவி, கார்டின் மேல் கூலன்ட் கொட்டியது. "என்னடா, இதுக்குள்ளயும் வெள்ளமா?" என்றார் அண்ணன். அந்த இருட்டிலும் சிரிப்பு வந்தது.

மின்சாரம் இல்லாததுதான் காப்பாற்றியது. கார்டைக் கழற்றித் துடைத்து, நான்கு நாள் காயவைத்து மாட்டினேன். ஓடுகிறது. ஆனால் கடினக் குழாய் அதோடு சரி. இப்போது 10/16 (உள் விட்டம் 10, வெளி விட்டம் 16 மில்லி) மென்குழாய், கறுப்பு இபிடிஎம் ரப்பர். பார்க்க வாஷிங் மெஷின் குழாய் மாதிரிதான். இடித்தாலும் வளையும், வெளிச்சம் புகாததால் குழாய்க்குள் பாசிக்கும் வேலையில்லை. லூப்பின் தாழ்வான இடத்தில் ஒரு வால்வு. நகரும் வீடு, வாடகை வீடு, தரைத்தள வீடு எதுவானாலும் கடினக் குழாய் பக்கம் போகாதீர்கள் என்பேன்.

தாம்பரம்:

எல்லோரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் கழற்றிய கட்சி. என்னுடையது ரைசன் 9 7950எக்ஸ். காற்றுக் கூலரில் 95 டிகிரி காட்டுகிறதே என்று பயந்து லூப் போட்டேன். அதிலும் 95. அந்த சிபியுவே சூட்டுக்கு இடம் இருக்கும் வரை வேகத்தை ஏற்றி 95இல் போய் நிற்கும்படி செய்யப்பட்டது என்று பிறகுதான் படித்தேன். கிடைத்த கூடுதல் வேகம் கண்ணுக்குத் தெரியவில்லை. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளில்) மின்சார வரம்பைக் குறைத்தேன், சூடு நன்றாக இறங்கியது, ஒரு பைசா செலவில்லை. இப்போது நாக்டுவா என்ஹெச்-டி15 காற்றுக் கூலர். வருடத்துக்கு ஒரு முறை தூசி தட்டுவதோடு சரி.

சிபியுவுக்காக மட்டும் லூப் போடுவது வீண் என்பது என் கட்சி. பெரம்பூர்க்காரருக்குத் தொல்லை கார்டில்தான், அதனால் அவர் கேஸ் வேறு என்று ஒப்புக்கொள்கிறேன்.

திருவான்மியூர்:

ஒப்புக்கொண்டதே பெரிது. கார்டுக்குப் பிளாக் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். 3080 என்ற பெயரில் ஒவ்வொரு கம்பெனியும் வெவ்வேறு போர்டு போடுகிறது. பெயரைப் பார்த்து வாங்கினால் துளை பொருந்தாது. உங்கள் கார்டின் முழு மாடல் எண்ணை வைத்து பிளாக் கம்பெனியின் பட்டியலில் தேடுங்கள், முடிந்தால் போர்டின் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வாரண்டி இன்னும் இருந்தால் திருகு மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிய்ப்பதற்கு முன் விதிகளைப் படியுங்கள்.

மயிலாப்பூர்:

ஒரு துணைக்கதை. ஆயுத பூஜைக்குப் பாட்டி என் ரிசர்வாயர் மேல் சந்தனம் குங்குமம் வைத்தார். பரவாயில்லை. அடுத்து மாவிலையால் தீர்த்தம் தெளித்தார். லூப் போட்ட வீட்டில் தண்ணீர் வெளியிலிருந்தும் வரலாம். அன்றைக்கு மட்டும் கண்ணாடிக் கதவை மூடி வையுங்கள்.

பெரம்பூர், மூன்று மாதம் கழித்து:

போட்டாகிவிட்டது. செம்பு ரேடியேட்டர், 30 மில்லி தடிமன், 360 இரண்டு. டி5 பம்ப். இபிடிஎம் மென்குழாய். வால்வு உண்டு, பள்ளிக்கரணை நண்பருக்கு நன்றி. நிறமில்லாத கூலன்ட். ஆர்ஜிபி இல்லை, தம்பி இன்னும் பேசுவதில்லை.

ஃபிட்டிங்குகள் இவ்வளவு காசைத் தின்னும் என்று யாரும் சொல்லவில்லையே! பட்ஜெட் போடும்போது பிளாக், பம்ப், ரேடியேட்டர் என்று எழுதினேன், ஃபிட்டிங்கைச் சில்லறை என்று விட்டேன். பன்னிரண்டு நேர் ஃபிட்டிங், நான்கு கோண ஃபிட்டிங், வால்வு எல்லாம் சேர்ந்து ஒரு ரேடியேட்டர் விலையைத் தாண்டிவிட்டது.

லீக் சோதனைக்கு மதர்போர்டு, கார்டு எல்லாவற்றின் மின் இணைப்பையும் பிடுங்கி, எஸ்எம்பிஎஸ்ஸின் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியின்) 24 முனை பிளக்கில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைத்துப் பம்ப்பை மட்டும் ஓட்டினேன். ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் கீழே டிஷ்யூ பேப்பர். பம்ப் காய்ந்து ஓடக் கூடாது என்பதால் ரிசர்வாயர் காலியாவதற்குள் அணைத்து, ஊற்றி, மறுபடி போட்டு, பத்துப் பதினைந்து முறை. பிறகு 24 மணி நேரம். அப்பா ராத்திரி மூன்று முறை எழுந்து டிஷ்யூவைத் தொட்டுப் பார்த்தார். சிபியு பிளாக்குக்குக் கீழே ஒரு சொட்டு. ஓ-ரிங் (ரப்பர் வளையம்) முறுக்கிக்கொண்டிருந்தது. கழற்றி நேராக வைத்ததும் நின்றது. ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரரின் கேள்விக்கு இதுதான் பதில்: யாரிடமும் போக முடியாது, நாமேதான்.

நேற்று ராத்திரி அறை 33, தண்ணீர் 43, கார்டு 57. விசிறிகள் நிமிடத்துக்கு 900 சுற்று. நாதஸ்வரம் கேட்கிறது, தவிலும் கேட்கிறது.

அப்பாவுக்குத்தான் திருப்தியில்லை. "சத்தம் போச்சு, ரூம் சூடு அப்படியேதானே இருக்கு?" என்கிறார். சரிதான், 460 வாட்டும் இதே அறைக்குள்தான் வந்து விழுகிறது. ஒரு டன் ஏசியின் திறனில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கை அதுவே தின்னும். ஏசி போடுகிற பட்ஜெட் ஃபிட்டிங்கில் போய்விட்டது என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ரேடியேட்டர் கழுவியதுபோக டிஸ்டில்டு வாட்டர் இரண்டு லிட்டர் மிச்சம் இருக்கிறது, அதை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றிவிட்டேன்.