சின்கோனாவா, சிஞ்சோனாவா: சொற்கோவையில் எதைப் போடுவது?

மிளகரணை:
மலேரியா மருந்தான குயினைன் எடுக்கும் மரத்தை எல்லாரும் "சின்கோனா" என்றே எழுதிவருகிறோம். மூலப்பெயர் அதுவல்ல. பெரு நாட்டு வைஸ்ராய் சின்ச்சோன் பிரபுவின் மனைவி காய்ச்சலில் கிடந்து இந்தப் பட்டையால் பிழைத்தார் என்பதால் தாவரவியலாளர் லின்னேயஸ் 1742-ல் அவர் பெயரை மரத்துக்கு வைத்தார். வைக்கும்போது 'சி'க்கு அடுத்த 'எச்' எழுத்தை விட்டுவிட்டார். நீலகிரிக்கு இந்த மரம் வர வழிசெய்த கிளெமெண்ட்ஸ் மார்க்கம், விட்டுப்போன எழுத்தைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி 1874-ல் ஒரு நூலே எழுதினார். தமிழிலாவது "சிஞ்சோனா" என்று சரியாக எழுதலாமே?

கல்வம்:
முதலில் அந்தக் கதையைப் பார்ப்போம். அதை அச்சில் ஏற்றியவர் ஜெனோவா மருத்துவர் செபாஸ்தியானோ பாதோ, 1663-ல். மார்க்கம் நாயகியாக்கிய அனா தெ ஒசோரியோ 1625-லேயே ஸ்பெயினில் இறந்துவிட்டார். பிரபு வைஸ்ராயானது அதற்குப் பின். உடன் பெரு போனவர் இரண்டாம் மனைவி பிரான்சிஸ்கா. லிமாவில் அப்போது சுவார்தோ என்பவர் எழுதிய நாட்குறிப்பில் பிரபுவின் காய்ச்சல்கள் வருகின்றன, பட்டை வரவில்லை. 1941-ல் ஹாகிஸ் என்ற ஆய்வாளர் இதையெல்லாம் அடுக்கிக் காட்டிவிட்டார். நடக்காத சிகிச்சைக்காக எழுத்தைத் திருத்தக் கிளம்புவானேன்?

மிளகரணை:
கதை பொய்யாகவே இருக்கட்டும். லின்னேயஸ் யாரை நினைத்து வைத்தார் என்பதில் சந்தேகமில்லையே! பாதோ இத்தாலியர், தம் மொழி வழக்கப்படி 'எச்' இல்லாமல் எழுதினார். லின்னேயஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

நடுவட்டம்:
தாவரங்களின் லத்தீன் பெயர்களுக்கு உலகப் பொதுவான தாவரப் பெயரிடல் சட்டத்தின் 60-ஆம் பிரிவைப் பாருங்கள். அச்சுப்பிழையைத் திருத்தலாம், ஆனால் முதல் அசையில், அதிலும் முதல் எழுத்தில், கைவைக்கத் தயங்க வேண்டும் என்கிறது. அங்கேயே உதாரணம் இருக்கிறது: செஸ்பெடெஸ் என்ற ஆளுநர் பெயரில் வைத்த செடி "லெஸ்பெடீசா" என்று அச்சாகிவிட்டது, இன்றுவரை அதேதான். தவிர, பெயர்களுக்குத் தொடக்கப்புள்ளி 1753-ல் வந்த லின்னேயஸ் நூல். அதிலும் 'எச்' கிடையாது. மார்க்கம் தோற்றது இங்கேதான்.

மிளகரணை:
லத்தீன் எழுத்துக்கான சட்டம் தமிழ் உச்சரிப்பைக் கட்டுப்படுத்தாது.

நடுவட்டம்:
கட்டுப்படுத்தாது, சரி. ஆனால் தமிழில் வழக்கு என்று ஒன்று இருக்கிறதே! வால்பாறைப் பக்கம் ஊரின் பெயரே சின்கோனா. "ன்க" தமிழுக்கு ஆகாது, "சிங்கோனா" என்று எழுதுங்கள் என்பவர்களும் உண்டு. முன்கை, புன்கு, என்கிறார் எல்லாம் தமிழ்தானே?

கல்வம்:
முதல் எழுத்துச் சண்டையைவிட மருந்தின் பெயர்தான் எனக்குக் கவலை. 1820-ல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்தியேவும் கவந்தூவும் பட்டையிலிருந்து பிரித்ததைச் சிலர் "குயினின்" என்று எழுதுகிறார்கள். அதே பட்டையில் "குயினிடின்" என்று இன்னொன்று உண்டு. இரண்டுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்று, அணுக்கள் அமைந்த விதம்தான் வேறு. முன்னது மலேரியாவுக்கு, பின்னது இதயத் துடிப்புக் கோளாறுக்குத் தந்தது. நடுவில் ஒரு "டி" விட்டுப்போனால் மருந்தே மாறிவிடும். "குயினைன்" என்று எழுதினால் கண்ணுக்குப் பளிச்சென வேறுபாடு தெரியும்.

மிளகரணை:
குயினைனுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் வேர்ச்சொல்லும் கோணல்தான். ஆண்டிஸ் மலைப் பகுதியின் கெச்சுவா மொழியில் "கினா-கினா" என்பது பெரு பால்சம் என்ற மணப்பிசின் தரும் மிரோக்சிலான் மரம். வியாபாரத்தில் இரண்டு பட்டைகளும் கலந்து, பெயர் இந்த மரத்துக்குத் தாவிவிட்டது. இன்றைய ஈக்வடாரின் லோஹா பகுதியில் சின்கோனாவைக் கஸ்கரில்யா, அதாவது சிறுபட்டை, என்றுதான் சொன்னார்கள்.

நடுவட்டம்:
அந்தக் "கினா"தான் லத்தீன் மருந்தேடுகளில் "சைனா" ஆனது. ஹோமியோபதிப் புட்டியில் "சைனா" என்றிருப்பது சின்கோனா பட்டை, நாட்டின் பெயரல்ல. இதைச் "சீனப்பட்டை" என்று மொழிபெயர்த்து, அங்கிருந்து பறங்கிப்பட்டைக்குத் தாவினால் எல்லாம் கெட்டது. சித்த மருந்துக் கடையில் கிடைக்கும் பறங்கிப்பட்டை ஸ்மைலாக்ஸ் சைனா கொடியின் கிழங்கு, பெயரில்தான் பட்டை. முடிச்சு முடிச்சாக, மாவுச்சத்தோடு இருக்கும். சின்கோனாவோ சுருண்ட பட்டை, உள்பக்கம் செம்பழுப்பு, நாக்கில் வைத்தால் கடுங்கசப்பு. சொற்கோவையில் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு வேண்டும்.

கல்வம்:
கசப்பை மட்டும் நம்பாதீர்கள், வேப்பம்பட்டையும் கசக்கும். பொடியை நீர்த்த கந்தக அமிலத்தில் ஊறவைத்து வடிகட்டி, புறஊதா விளக்கில் காட்டினால் குயினைன் நீலமாக ஒளிரும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செய்தால் குளோரைடு அந்த ஒளியை அடக்கிவிடும். இது தெரியாவிட்டால் "பட்டை போலி" என்று தவறாக முடிவுகட்டிவிடலாம்.

மிளகரணை:
சரி, தலைச்சொல் "சின்கோனா" என்றே இருக்கட்டும். அடைப்புக்குறிக்குள் "ஸ்பானிய மூலம்: சின்ச்சோன்" என்று போடாமல் விடமாட்டேன்.

நடுவட்டம்:
போடுங்கள். கூடவே "சீமாட்டி குணமானதாகச் சொல்வது கட்டுக்கதை" என்றும் சேர்த்துவிடுங்கள்.